வாந்தி மாத்திரையும் வண்டன்மேட்டு ஜீப்பும்

காமயகவுண்டன்பட்டி,
ஆவணி மாதம், சாரல் விடாத வெள்ளிக்கிழமை.

பாசத்துக்குரிய மாப்பிள்ளை செல்லப்பாண்டிக்கு, உன் தாய்மாமன் சின்னச்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். உன் அத்தை மூக்கம்மாள் வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டிருப்பது தவிர அவளும் நலம். கட்டு காலில்தான், வாயில் இல்லை என்பதால் வீட்டு நிர்வாகம் வழக்கம்போல நடக்கிறது. கோயம்புத்தூரில் நீயும் உன் மனைவி மக்களும் அவரவர் இடத்தில் அசையாமல் சுகமாக உட்கார்ந்திருக்கும்படி குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்து, சிரிக்க வைத்து, கடைசியில் நானே உனக்கு நன்றி சொல்லும்படி செய்துவிடுவாய். அது உன் தொழில். கடிதத்தில் நீ வாயைத் திறக்க முடியாது.

கம்பெனி கம்பெனியாகப் போய் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது நல்ல தொழில்தான், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அதையே தினமும் விடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவாக அனுப்புகிறாயே, அது பற்றித்தான் என் புகார். "உங்க கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளிய வாங்க மாமா, அத்தை, எல்லாரும். டெய்லி இதுவரைக்கும் செய்யாத ஒண்ணைச் செஞ்சு பாருங்க" என்கிறாய். பின்னால் புல்லாங்குழல் வேறு. என் ஸோன் என்னவென்று உனக்குத் தெரியாதா? வீடு. வீட்டு முனைக்கு வரும் டவுன் பஸ். அதில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டு. கம்பம் பஸ் ஸ்டாண்டு. அங்கே டைம் கீப்பர் அறைக்கு எதிரே உள்ள சிமெண்டு பெஞ்சு. ரிட்டயர் ஆன பிறகும் தினம் போய் அங்கே உட்கார்ந்து, புதிதாக வந்த டைம் கீப்பர் வண்டியைத் தாமதமாக எடுத்துவிடுகிறானா என்று பார்த்து வருத்தப்பட்டுவிட்டு வருகிறவன் நான். என் தலையணை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. என் கல்யாணத்துக்கே தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன், உன் அத்தை இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆனாலும் நீ சொன்னாய் என்பதற்காகச் சிறிய அளவில் ஆரம்பித்தேன். ஒரு நாள் வழக்கமான டீக்கடையை விட்டு எதிர்க்கடையில் டீ குடித்தேன். என் கடைக்காரன் பாய்லருக்குப் பின்னால் நின்று பார்த்தபடியே இருந்தான், டீ தொண்டையில் இறங்கவில்லை. அவனைச் சமாதானப்படுத்த மறுபடி அங்கே போய் இன்னொரு டீ குடித்தேன், அன்று முழுக்க நெஞ்செரிச்சல். இன்னொரு நாள் கட்டிலில் சுவர்ப்பக்கம் படுக்காமல் வெளிப்பக்கம் படுத்தேன், கீழே விழுந்தேன். இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

என் மகள் உமாதேவியை அணைக்கரையில் கட்டிக்கொடுத்தது உனக்குத் தெரியும். குமுளி ஏறி அந்தப் பக்கம் போகவேண்டும். நான் அந்த மலையை ஏறியதில்லை. முப்பது வருஷம் விசில் ஊதி ஊதி எத்தனையோ குமுளி பஸ்ஸை மேலே அனுப்பியவன், ஒன்றில்கூட ஏறியதில்லை. கொண்டை ஊசி வளைவு என்று யாராவது சொன்னாலே எனக்கு வாயில் எச்சில் ஊறி, காது அடைத்து, வயிறு மேலே வந்துவிடும். கல்யாணத்தைக் கம்பத்திலேயே வைத்துச் சமாளித்தேன். தீபாவளி, பொங்கல் என்று அவள் இறங்கி வருவாள், நான் பஸ் ஸ்டாண்டில் நின்று வரவேற்பேன். நாலு வருஷம் இப்படியே ஓடியது. இப்போது வளைகாப்பு வந்தது. தாய்வீட்டுப் பெண்கள் போய் முதல் வளையலைப் போட்டு, தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். போன வாரம் உமா போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா, ஒருநாளாவது என் வீட்டு வாசலை மிதிச்சிருக்கீகளா? இந்தத் தடவ நீங்க வந்து கூப்பிட்டாத்தான் எறங்குவேன். இல்லாட்டி இங்கனயே பெத்துக்கிறேன்." சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பரவாயில்லை. சிரிக்காமல் சொன்னாள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை.

புதன்கிழமை மூன்று மணிக்குள் வளையல் போட்டுவிட வேண்டும், பொழுது சாய்வதற்குள் பிள்ளைத்தாய்ச்சி மலையிறங்கிவிட வேண்டும் என்று பேச்சு. மூக்கம்மாள் வேன் பேசி, அவள் தங்கச்சிமார், என் தங்கச்சிமார் எல்லோரையும் ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். "நீங்க முன் சீட்டுல கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க, அது போதும்" என்றாள். என்னால் அதை நினைத்தே பார்க்க முடியவில்லை. அத்தனை பெண்கள் பார்க்க வேன் ஜன்னலில் தலையை நீட்டி நான் வாந்தி எடுப்பதா? பஸ்ஸிலும் போக முடியாது. எல்லா டிரைவரும் கண்டக்டரும் எனக்குத் தெரிந்தவர்கள், மறுநாள் பஸ் ஸ்டாண்டில் தலை காட்ட முடியாது. அப்போதுதான் உன் புல்லாங்குழல் காதில் கேட்டது. இதுவரை செய்யாததைச் செய்! நான் மட்டும் விடியலில் திருட்டுத்தனமாக ஷேர் ஜீப்பில் ஏறி, யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுத்து முடித்து, முகம் கழுவி, மகள் வீட்டு வாசலில் முதல் ஆளாக நிற்பது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை விடியலில் கரண்டு இல்லை. இருட்டில் அலமாரியைத் தடவி, மாத்திரை டப்பாவைத் திறந்து, ஒன்றுக்கு இரண்டாக வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டேன். ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்துக்கொண்டேன். அதில்தான் வளையல், சந்தனம், பூ எல்லாம் இருந்தன. வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? வேனில் வருகிறவர்கள் வளையல் இல்லாமல் எதைக் கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, அது மாத்திரையின் வேலை. செல்போன் சார்ஜில் இருந்தது, அது எப்போதும் சார்ஜில்தான் இருக்கும். இரண்டு பிளாஸ்டிக் கவரைச் சட்டைப்பையில் சொருகி, மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு முதல் டவுன் பஸ்ஸில் போய்க் கம்பத்தில் இறங்கினேன். சாரல் தூவிக்கொண்டிருந்தது. ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஜீப்காரர்கள் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்காரர்களுக்கு ஜென்ம விரோதிகள், எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், அதனால் அவர்களோடு நான் பேசியதே கிடையாது. எந்த ஜீப்பு எங்கே போகும் என்று தெரியாது. கேட்டிருக்கலாம். ஆனால் எந்த வண்டி எங்கே போகிறது என்று ஊருக்கே சொன்னவன், போயும் போயும் ஒரு ஜீப்காரனிடமா கேட்பது? "ஏறுங்க ஏறுங்க, ஒரு ஆள்தான் பாக்கி" என்று ஒருவன் கத்தினான், ஏறிவிட்டேன்.

உள்ளே எல்லாம் பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. "கருத்தம்மா வரலைன்னு பதிலுக்கு அவக அண்ணனை அனுப்பியிருக்காக போல" என்று ஒரு குரல் கேட்டது. யாரைச் சொல்கிறார்கள் என்று யோசித்தேன். யோசிக்கும்போதே கண் செருகியது. அதற்கப்புறம் மலை ஏறியதும் தெரியாது, வளைவு வந்ததும் தெரியாது. யாரோ என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டினார்கள், அவ்வளவுதான் ஞாபகம். கனவில் நான் விசில் ஊதுகிறேன், பஸ்கள் எல்லாம் ஓசையில்லாமல் மேகத்துக்குள் போய்க்கொண்டே இருக்கின்றன, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, எனக்கு அதில் கோபமும் இல்லை.

"அண்ணே, எறங்குங்க" என்று குரல் கேட்டுக் கண் திறந்தால் உலகத்தையே காணோம். வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, என் கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிகிறது. நான் செத்துவிட்டேன் என்று நிச்சயமாக நினைத்தேன், பயமே இல்லை மாப்பிள்ளை, வயிறு புரட்டாமல் செத்ததே பெரிய காரியம் என்றுதான் இருந்தது. காற்றில் பாயசம் வைத்த வீட்டு வாசனை. ஆளுயரத்துக்கு மேலே இலைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு நின்றுகொண்டு விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. பனிக்குள் எங்கிருந்தோ பெண்கள் சிரிக்கிறார்கள். சொர்க்கத்தில் எல்லோரும் நம் கம்பத்துப் பேச்சே பேசுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. பிறகு அதே பனிக்குள்ளிருந்து ஒரு மலையாளக் குரல் "வேகம், வேகம்" என்றது. சொர்க்கத்திலும் ஒரு டைம் கீப்பர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அது வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டம். குரல் கொடுத்தது மேஸ்திரி ஷீபா. என் இடுப்பில் ஒரு சாக்கைக் கட்டி, கையில் ஒரு வாளியைக் கொடுத்து, ஒரு செடிக்கு அடியில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். எதற்கு மறுத்துப் பேசவில்லை என்று கேட்பாய். பேச வாய் வரவில்லை, எல்லாம் மாத்திரை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்கும் என்றுதான் இந்த வயது வரை நினைத்திருந்தேன். அது அடியில், மண்ணை ஒட்டிச் சரம் சரமாகப் படுத்துக் கிடக்கிறது. குனிந்து இலையை விலக்கினால் அங்கே சின்ன வெள்ளைப் பூ, உதட்டில் ஊதாக் கோடு போட்டுக்கொண்டு, யாரும் பார்க்க வேண்டும் என்று எந்த ஆசையும் இல்லாமல் இருக்கிறது. நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சேட்டா, அது பச்சக் காயா, எடுக்கண்டா!" என்று ஷீபா என் வாளியைப் பார்த்துக் கத்தினாள், நான் பிஞ்சையெல்லாம் பறித்துப் போட்டிருந்தேனாம். "கருத்தம்மா அண்ணே, உங்க தங்கச்சி மானத்தை வாங்காதீக" என்று பக்கத்துச் செடிக்கு அடியிலிருந்து கஸ்தூரியம்மாள் சொன்னாள். ஜீப்பில் என் தலையைத் தாங்கியது அவளுடைய தோள்தானாம், அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் கருத்தம்மாளின் அண்ணன்தான் போலிருக்கிறது, சின்னச்சாமி என்று ஒருவன் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், அவன் பாவம் என்று தோன்றியது. அப்படியே காய் எடுத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் மணி பார்க்காமல் இருந்த காலை அது ஒன்றுதான்.

கஞ்சி நேரம் வந்தது. எல்லோரும் தூக்குவாளியைத் திறந்தார்கள். கஸ்தூரியம்மாள் என் தட்டைத் தேடி மஞ்சள் பைக்குள் கையை விட்டாள். கை நிறையக் கண்ணாடி வளையல் வந்தது. "ஆத்தீ, ஏலக்காட்டுக்கு வளையல் கொண்டாந்த மொத ஆளு நீங்கதான்ணே" என்றாள். பச்சையும் சிவப்புமாக அவள் கையில் அது கலகலவென்று சத்தம் போட்டதும் என் தூக்கம் மொத்தமாகக் கழன்று விழுந்தது. உமா! மணி என்ன? எங்கே இருக்கிறேன்? பொல பொலவென்று அழுதுவிட்டேன் மாப்பிள்ளை, சாக்கைக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு, அத்தனை பெண்களுக்கு நடுவில். வாந்தியை யாரும் பார்க்கக் கூடாது என்று ஓடிவந்தவன் அழுகையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்ப நீங்க கருத்தம்மா அண்ணன் இல்லையா?" என்று கேட்டாள் கஸ்தூரியம்மாள்.

"இல்லத்தா. நான் உமாதேவி அப்பா."

அவளுடைய அப்பா என்று சொல்லிக்கொள்ள ஒருமுறைகூட மலையேறாதவன் என்று எனக்கே பட்டது. விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "அணைக்கரை இங்கனருந்து பக்கந்தான்." "தாய்வீட்டுச் சனம் ஒண்ணுமில்லாம ஆம்பள ஒத்தையாப் போயி வளையலை யாரு போடுறதாம்? இவரா?" "பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வாசலைப் பாத்துக்கிட்டிருக்கும்டி." டிரைவர் முத்துவீரன் மட்டும் சாயந்திரம்தான் வண்டி எடுப்பேன், அதுதான் முறை என்று ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். என்னைப்போல ஒருவன். கஸ்தூரியம்மாள் ஷீபாவைப் பார்த்தாள். ஷீபா வானத்தைப் பார்த்தாள், வானம் இல்லை, பனிதான் இருந்தது. "நாள கூடுதல் எடுக்கணும்" என்றாள். பிறகு, "எனிக்கும் வரணும்" என்று தானே முதலில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் முத்துவீரன் என்ன செய்வான்?

இதற்கிடையில் கீழே நடந்ததைக் கேள். ஒன்பது மணிக்கு வேன் வந்தது, ஆட்கள் வந்தார்கள், என்னையும் காணோம், வளையலையும் காணோம். பஸ் ஸ்டாண்டு மைக்கில் என் பெயரைச் சொல்லி, எங்கிருந்தாலும் டைம் கீப்பர் அறைக்கு வரவும் என்று அறிவித்திருக்கிறார்கள். நான் முப்பது வருஷம் பேசிய அதே மைக். மூக்கம்மாள் காலில் கட்டோடு வேனிலிருந்து இறங்காமல், "மலைக்குப் பயந்துக்கிட்டு மனுஷன் எங்கனயோ ஒளிஞ்சிட்டாக" என்று உமாவுக்கே போன் செய்துவிட்டாள். உமா சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம். நான் இல்லாமல் அவள் இறங்க மாட்டாள் என்பதால் வேன் என்னைத் தேடிக் கம்பத்தையே சுற்றியது, மலையேறவில்லை.

எங்கள் ஜீப்பு அணைக்கரையில் அவள் வீட்டு வாசலில் நின்றபோது மூன்று மணியாக இன்னும் கொஞ்சம் இருந்தது. பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, உமா ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப்பிலிருந்து முதலில் சேறு இறங்கியது, அதற்குள் நான் இருந்தேன். அவள் எழுந்தாள். எழுந்து, வாசலுக்கு வந்து, என் இடுப்புச் சாக்கைப் பார்த்து, "என்னப்பா வேஷம் இது?" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "கூப்பிட வந்திருக்கேன்த்தா" என்றேன். வரும்போது பெரிய பேச்சாக யோசித்து வைத்திருந்தேன், வாயில் வந்தது அவ்வளவுதான்.

சம்பந்தியம்மாள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பொண்ணு வீட்டுச் சனம் எங்க?" என்று கேட்டார். நான் ஜீப்பைக் காட்டினேன். துண்டும் தூக்குவாளியுமாக ஒவ்வொருவராக இறங்கி, குழாயடியில் வரிசையாகக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். "நாங்கதான்" என்றார்கள். சேறு போயிற்று, ஏலக்காய் வாசனை போகவில்லை, வீடு முழுக்க அதுதான். கஸ்தூரியம்மாள் மட்டும் குழாயடியிலேயே நின்றுவிட்டாள். "நான் தாலியறுத்தவ, நீங்க போயி போடுங்கடி" என்றாள். உமா அதைக் கேட்டுவிட்டாள். "எங்கப்பாவைக் கொண்டாந்து சேத்தவக நீங்க. மொத வளையல் உங்க கையாலதான். இல்லாட்டி நான் கையை நீட்ட மாட்டேன்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து கையை மூடிக்கொண்டாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தியம்மாள் தானே சந்தனக் கிண்ணத்தை எடுத்துக் கஸ்தூரியம்மாள் கையில் கொடுத்தார். காய் எடுத்துக் கறுத்த விரல்கள் என் மகள் கையில் பச்சை வளையலைப் போட்டன. ஒன்றுகூட உடையவில்லை. ஷீபா மலையாளத்தில் ஏதோ பாடினாள், அது தாலாட்டா ஓணப்பாட்டா என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் கை தட்டினார்கள்.

இறங்கும்போது மருமகன் காரில் நான் பின்னால் உமாவோடு உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு கீழே நம் பள்ளத்தாக்கு வந்து வந்து மறைந்தது. தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், நடுவில் ஆறு, எல்லாவற்றின் மேலும் சாயந்திர வெயில் சாரலோடு கலந்து விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் இதற்குள்ளேயே இருந்தும் இது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "வாந்தி வருதாப்பா?" என்று கேட்டுக் கேட்டு என் சட்டைப்பையிலிருந்த பிளாஸ்டிக் கவரை அவளே விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைசியில் அதில் வாந்தி எடுத்தது அவள்தான். நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, காலையில் போட்ட மாத்திரையின் மிச்சம் உடம்பில் இருந்திருக்கும்.

ஆகவே மாப்பிள்ளை, இதனால் உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால், உன் பேச்சைக் கேட்டதால் நான் மானம் இழந்தேன், மைக்கில் கூப்பிடப்பட்டேன், மூக்கம்மாள் என்னோடு நேராகப் பேசுவதில்லை, சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறாள், இடுப்பு நிமிரவில்லை, கைவிரலில் ஏலக்காய்க் கறை போகவில்லை. இனிமேல் இந்த மாதிரிக் குரல் பதிவை எனக்கு அனுப்பக் கூடாது. மலைப்பக்கம் நான் தலைவைத்தும் படுக்க மாட்டேன். என் மிச்ச நாளை வீட்டுக்கும் பெஞ்சுக்கும் நடுவிலேயே கழிப்பது என்று உறுதி செய்துவிட்டேன். இது என் கடைசி முடிவு. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நோய்நொடி இல்லாத ஆயுளும், நேராகப் போகும் ரோடும் அமையட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் மாமன்,
சின்னச்சாமி,
டைம் கீப்பர் (ஓய்வு).

பின்குறிப்பு: சனிக்கிழமை விடியல். கவரை ஒட்டிவிட்டேன், திரும்பப் பிரித்து எழுதுகிறேன். ராத்திரி உன் அத்தை அவளுடைய மாத்திரையை எண்ணிப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்து ஒரு சேதி சொன்னாள். அன்றைக்கு நான் இருட்டில் எடுத்துப் போட்டது அவளுடைய சுண்ணாம்புச் சத்து மாத்திரையாம். வாந்தி மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே டப்பாவில் இருக்கிறது, நானும் பார்த்தேன். சுண்ணாம்புச் சத்துக்குத் தூக்கமும் வராது, வாந்தியும் நிற்காதாம். அப்படியென்றால் மலையேறியது, தூங்கியது, பனியைப் பார்த்தது, பூவைப் பார்த்தது, சின்னச்சாமி பாவம் என்று நினைத்தது, எல்லாம் நான்தான். இதை யோசித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த அறையில் உமாவும் புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டால், தன் தலையணையை அணைக்கரையில் விட்டுவிட்டாளாம், அது இல்லாமல் கண்ணை மூட முடியவில்லையாம். என் பிள்ளை. ராத்திரியே முத்துவீரனுக்குப் போன் செய்து இந்த ஊர் வழியாக வரச் சொல்லிவிட்டேன், முனையில் ஜீப்பு ஹாரன் கேட்கிறது, கஸ்தூரியம்மாள் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். மாத்திரை எதுவும் போடவில்லை. மப்ளர் கட்டவில்லை. "எங்கப்பா கெளம்பிட்டீக?" என்று உள்ளிருந்து கேட்கிறாள். "உன் தலையணையை எடுத்துவரத்தான்" என்று சொல்லிவிட்டேன். குரல் பதிவை நிறுத்தாதே.